அரைஞாணில் பதினோரு பாஸ்போர்ட்

1

போன கார்த்திகையோடு நான் மலேசியாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. போன தடவை ஊருக்குப் போனபோது தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் என் சித்தப்பா மகன் நாலு பேர் முன்னால், "அண்ணன் கோலாலம்பூர்ல ஹோட்டல் வெச்சிருக்கார்" என்று என்னை அறிமுகப்படுத்தினான். மறுக்க வாய் வரவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் ஹோட்டலை வைத்திருப்பவர் வேறொருவர். நான் வைத்திருந்தது அந்த ஹோட்டலின் இரும்பு அலமாரிச் சாவியை மட்டும்.

வீடு கிள்ளானில். விடிவதற்கு முன்பே கொமூட்டர் ரயிலில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடப்பேன். அங்கே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான் மேனேஜர். சாம்பாரில் உப்பு குறைந்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பக்கத்துக் கடைக்காரர் நம் வாசலில் காரை நிறுத்தினாலும் கூப்பிடப்படுகிறவருக்கு இங்கே மேனேஜர் என்று பெயர். அப்போதெல்லாம் ரயிலில் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. எதிரில் இருப்பவர்கள் வாயுத் தொல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அரைஞாண் கயிற்றில் ஓர் ஊக்கு, ஊக்கில் அந்தச் சாவி. அலமாரிக்குள் எங்கள் கடையில் வேலை பார்க்கும் பதினோரு பேரின் பாஸ்போர்ட்.

இது இங்கே பல கடைகளில் இருக்கும் வழக்கம். ஊரிலிருந்து ஆள் வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிடுவான். சட்டப்படி அப்படி வாங்கி வைக்கக் கூடாது என்பது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் யாரும் பிடுங்குவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். வந்திறங்கிய அன்று அழைத்துப்போக வந்த வேன் டிரைவர் கையை நீட்டினார். பிரசாதத் தட்டைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். காலேஜில் சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஆபீசில் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வாங்கிக்கொள்ளும் ஊர்க்காரன் நான். முக்கியமான காகிதம் நம்மிடம் இருப்பதைவிடப் பெரிய இடத்தில் இருப்பதுதான் பத்திரம் என்று பழகிப்போயிருந்தது.

எங்கள் முதலாளி நல்லவர். இது கிண்டல் இல்லை. அவருடைய தாத்தா பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். முதலாளி தீபாவளிக்கு எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பார், காய்ச்சல் என்றால் தன் காடியிலேயே கிளினிக்குக் கொண்டுபோவார். காடி என்றால் இங்கே கார். பத்து வருடம் முன்பு ஒருநாள் தன்னிடம் இருந்த சாவியைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். "இத நீயே சிம்பான் பண்ணி வை கதிர். எங்கிட்ட இருந்தா இதுவும் போயிரும் லா." சிம்பான் என்றால் மலாயில் பத்திரமாக வைத்துக்கொள்வது. லா என்பது இங்கே பேச்சோடு ஒட்டிக்கொள்ளும் வால். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சாவியைக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். சாந்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சம்பளம் ஏத்தினாங்களா, இல்ல சாவி மட்டுமா?" என்று கேட்டாள்.

யாராவது விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினால் நான் அலமாரியைத் திறந்து அவன் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுப்பேன். கொடுக்கும்போது, "பத்திரம் தம்பி. தொலைச்சிடாதே" என்று ஒரு வார்த்தை சொல்வேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கனத்துவிடும் என்று பையன்கள் சொல்வார்கள்.

2

எல்லாம் ஆரம்பித்தது ஒரு சாப்பாட்டு மேசையில். அடிக்கடி எங்கள் கடைக்கு வரும் ஒரு பெண், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக இயங்கும் ஓர் அமைப்பில் வேலை பார்ப்பவர். இலையை மடித்துவிட்டுக் கேட்டார்: "அங்கிள், நீங்க ஊர்லேர்ந்து வந்து எத்தன வருஷம்? ஒரு மீட்டிங்ல வந்து பேசுறீங்களா? ஹோட்டல்ல. லஞ்ச் தருவாங்க."

சாப்பாட்டுக் கடைக்காரனை லஞ்ச் காட்டி அழைத்தது அவர்தான் முதல் ஆள். ஒப்புக்கொண்டேன். கூட்டத்தின் தலைப்பு அழைப்பிதழில் மூன்று வரிக்கு இருந்தது. புலம்பெயர்வோர் உரிமை காக்க ஆளுகையை வலுப்படுத்துவது என்று என் மகள் அதைத் தமிழாக்கிச் சொன்னாள். யாழினிக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம், நம் ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்பு. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தான். இப்போது என்னோடு பேசும்போது மட்டும் தமிழை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுகிறாள்.

"ஆளுகைன்னா என்ன பாப்பா?"

"கவர்னன்ஸ் லா அப்பா. எது யார் கையில இருக்கணும், தப்பு நடந்தா யாரு யார கேக்கணும், அத ரூல் போட்டு எழுதி வெக்கறது. ஆள் நல்லவங்களா கெட்டவங்களான்னு பாக்காம."

"அதுக்கு எதுக்கு ஹோட்டல்ல மீட்டிங்?"

"அப்பா, ப்ளீஸ். நீங்கதான் மைக்ரன்ட். நீங்க பேசணும்."

இருபத்திரண்டு வருடத்தில் என்னை என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவளும் அவள் அம்மாவும் இந்த நாட்டுக் குடிமக்கள், நீல அட்டைக்காரர்கள். நான் நிரந்தரவாசி, அதாவது பி.ஆர்., சிவப்பு அட்டைக்காரன். ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாலும் பர்ஸைத் திறந்தால் நிறம் வேறு. ஊரில் நான் மலேசியாக்காரன், இங்கே பக்கத்து வீட்டு ஆன்டிக்கு இன்றைக்கும் "சாந்தியோட இந்தியாக்கார மாப்பிள்ளை". இப்போது மகளுக்கு மைக்ரன்ட். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவள் அதை மரியாதையாகச் சொல்கிறாள் என்று பிறகு புரிந்தது.

பேச்சை அவள்தான் தயாரித்தாள். தொழிலாளியின் பாஸ்போர்ட் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"அப்பா, உங்க கடை ஒர்க்கர்ஸ் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"நான் யார்கிட்டன்னு கேட்டேன்."

சாந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நான் மகளிடம், மேடையில் பேசும்போது மூச்சு எங்கே விட வேண்டும் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அடுத்த இரண்டு வாரம் ரயிலில், குளியலறையில், கீரைக்காரரிடம் விலை பேசும் நேரத்தில்கூட அந்தப் பேச்சுதான். ஒரு வேலையை மறந்தேன். ரொட்டி சானாய் என்னும் இந்த ஊர்ப் பரோட்டா போடும் அந்தோணிக்கு அப்போதுதான் பெர்மிட் புதுப்பித்து வந்திருந்தது. புதுப் பெர்மிட் ஒட்டிய பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். அதை நகலெடுத்துக் கடையின் சாப்பு குத்தி அவனிடம் கொடுக்க வேண்டும். சாப்பு என்றால் இங்கே முத்திரை. எங்கள் பையன்கள் வெளியே போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்வது அந்த நகலைத்தான். அந்தோணி இரண்டு முறை கேட்டான். "அண்ணே, அந்த ஜெராக்ஸு…" "நாளைக்குப்பா, மீட்டிங் முடியட்டும்" என்றேன்.

அவன் சிவகங்கைப் பக்கம். அவன் இங்கே வந்தபோது மனைவி நாலு மாதம். மகளுக்கு இப்போது இரண்டரை வயது. செல்போனில் மட்டும் பார்த்த மகள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். ரொட்டி மாவை வீசும்போதுகூட வாய்க்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

3

கூட்டத்து நாள் சனிக்கிழமை. சாந்தியின் அண்ணனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் என்னைவிட அரை ஆள் பெரியவர்.

ஹோட்டல் வாசலில் ஒரு சோதனை வளையம். நுழைந்ததும் கீச்சென்று கத்தியது. போனை எடுத்து வைத்தேன், கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், கத்தியது. காவலாளி நேபாளக்காரர், என் வயதுதான் இருக்கும். கையிலிருந்த கருவியை என் உடம்பில் மேலும் கீழும் ஓட்டினார். தொப்புளுக்குக் கீழே வந்ததும் அது விடாமல் கத்தியது. பின்னால் கோட்டும் டையுமாக ஒரு வரிசை நிற்கிறது. அரைஞாணை எங்கே எடுத்துக் காட்டுவது. மெதுவாக அவர் காதருகே போய், அலமாரிச் சாவி என்று மலாயில் சொன்னேன்.

"உள்ளே என்ன, தங்கமா?"

"பாஸ்போர்ட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னுடையதும் கம்பெனிதான் சிம்பான்" என்று சொல்லி உள்ளே விட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

உள்ளே குளிர். கழுத்தில் ஓர் அடையாள அட்டை மாட்டிவிட்டார்கள். என் பெயர், அதன் கீழே பேச்சாளர், அதன் கீழே புலம்பெயர்வோர் உரிமை என்று அச்சிட்டிருந்தது. கைப்பேசிகளை ஒலியில்லாமல் வைக்கச் சொன்னார்கள். சொன்னதைச் செய்வதில் நான் கெட்டிக்காரன். அதிர்வையும் சேர்த்து நிறுத்தினேன்.

காலையில் பேசியவர்கள் பெரிய படிப்பாளிகள். ஏஜென்ட்டுகளுக்கு உரிமம், புகார் கொடுத்தவனை வேலையிலிருந்து துரத்தாதபடி பாதுகாப்பு, அவனவன் மொழியில் ஒப்பந்தம் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாமே சரி. என் முறை வந்தபோது தமிழில் பேசினேன், என்னை அழைத்த பெண் ஆங்கிலத்தில் சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பேசினேன். மகள் குறித்துக் கொடுத்த இடத்தில் மூச்சு விட்டேன். "ஒருத்தன் யாருன்னு காட்டுற காகிதம் இன்னொருத்தன் அலமாரியில பூட்டி இருந்தா, தெருவுல நடக்கிறவன் யாரு?" என்று கேட்டேன். இது மகள் எழுதியதில்லை. எனக்கே எங்கிருந்தோ வந்தது. கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் ஒரு பெரிய அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அட்டையில் தமிழிலும் இன்னும் சில மொழிகளிலும், "என் பாஸ்போர்ட் என் கையில்" என்று எழுதியிருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தேன். அட்டையின் அடி ஓரம் சாவி இருந்த இடத்தில் சரியாக இடித்தது.

4

சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து போனை எடுத்தேன். இருபத்தாறு அழைப்புகள் தவறியிருந்தன. முதலாளியுடையது பதினெட்டு.

"எங்கடா இருக்க? அந்தோணிய கிள்ளான்ல பிடிச்சிட்டாங்க. காலையிலேர்ந்து உன்ன கூப்பிடுறேன். அலமாரி பூட்டி கெடக்கு, சாவி உன் இடுப்புல ஊர் சுத்துது."

அந்தோணிக்கு அன்று விடுமுறை. மகளுக்குக் கவுன் எடுக்கக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருக்கிறான். ஸ்டேஷன் பக்கம் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் சோதனை. சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து நீட்டியிருக்கிறான். நகலில் பழைய பெர்மிட், தேதி முடிந்தது. புதியது இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அண்ணனிடம் என்று சொல்லியிருக்கிறான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேதி முடிந்த காகிதத்தையும் ஓர் அண்ணனையும் வைத்து எந்த அதிகாரியால் ஆளை விட முடியும். அன்றைக்குள் ஒரிஜினல் வராவிட்டால் தடுப்பு முகாமுக்கு அனுப்புவார்கள். அப்படியே கறுப்புப் பட்டியல், நாடு கடத்தல் என்று போனாலும் போகலாம். டிக்கெட், கிறிஸ்துமஸ், மகள் எல்லாம் பிறகு கனவுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓடினேன். அலமாரியில் நெளிசல் இருந்தது. முதலாளி இரும்புக் கரண்டியால் முயன்றிருக்கிறார். மூச்சு வாங்கச் சட்டையைத் தூக்கிச் சாவியை எடுத்தபோது எல்லாப் பையன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதலாளியின் காடியில் இரண்டு பேரும் போனோம். அந்தோணியை வைத்திருந்த அலுவலகத்தில் ஒரு மலாய்க்கார அதிகாரி, நிதானமான மனிதர். பாஸ்போர்ட்டைப் புரட்டினார், கணினியில் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "இவ்வளவு சரியாக இருப்பது ஏன் இவரிடம் இல்லை?"

"நான் சிம்பான் பண்ணி வைத்திருந்தேன், என்சிக்." என்சிக் என்றால் மலாயில் ஐயா.

அவர் கண் என் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடையாள அட்டையைக் கழற்றவே இல்லை. அதை அவர் அவசரப்படாமல் படித்தார். பேச்சாளர். புலம்பெயர்வோர் உரிமை.

"இன்றைக்கு என்ன பேசினீர்கள்?" என்று கேட்டார்.

என் மலாய் அத்தனை மோசமில்லை. ஆனால் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போடத்தான் முடிந்தது. இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். முதலாளி சுவரில் இருந்த நாட்காட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணியை அழைத்து வந்தார்கள். ஐந்து மணி நேரம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். கையில் கவுன் பொட்டலம் கசங்கியிருந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காடியில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் பின்சீட்டிலிருந்து கேட்டான்.

"மீட்டிங் நல்லா நடந்துச்சாண்ணே?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது.

5

பையன்களுக்கு ஞாபகம் இருக்காது, கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதலாளி விடவில்லை. அந்த அமைப்பு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால், மாரியம்மன் படத்துக்கும் கடை உரிமத்துக்கும் நடுவில் மாட்டிவிட்டார். படத்தின் கீழே எங்கள் கடைப் பெயர் அச்சாகியிருந்ததுதான் காரணம். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. பெரிய கோட்டுக்குள் நான், கையில் அட்டை, முகத்தில் அந்தச் சிரிப்பு. இடுப்பில் சாவி வேறு.

படம் மாட்டிய மறுநாளே அந்தோணி தனியாக வந்தான். "அண்ணே, இனிமே எம் பாஸ்போர்ட்ட எங்கிட்டயே குடுத்திருங்க. ஊருக்குப் போறதுக்கு மட்டும் இல்ல. போய்ட்டு வந்தப்புறமும்." பாஸ்கிட்ட கேக்கறேன் என்றேன். ஒரு வாரம் கேட்கவில்லை. பயம்தான். கொடுத்த பிறகு அவன் திரும்பி வராவிட்டால் பழி யார் தலையில் விழும். இன்னொன்றும் இருந்தது. சாவி இல்லாவிட்டால் நான் வெறும் சாம்பார் மேனேஜர். பத்து வருடமாக அந்தக் கனத்தை வயிற்றில் தொட்டுப் பார்த்துத்தான் என்னை நான் பெரிய ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு வாடிக்கையாளர். சுங்கை பூலோவிலிருந்து வாரம் ஒருமுறை மீன் தலைக்கறிக்கு வரும் பெரியவர். பில் கொடுக்க வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் படித்தார்.

"ஓ, உங்க கடையில ஒர்க்கருங்க பாஸ்போர்ட்ட அவங்கவங்களே வெச்சிருக்காங்களா? நல்ல விஷயம் லா பாஸ். நெறைய எடத்துல அப்படி இல்ல."

"ஆமா அங்கிள்" என்றார் முதலாளி. கண் இமைக்கவில்லை. பெரியவர் போனதும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ரொட்டிக் கல்லின் பக்கம் மாவு வீசும் சத்தம் நின்றிருந்தது.

"இப்ப என்ன கதிர் பண்றது?"

"படத்த கழட்டணும் பாஸ். இல்லாட்டி பாஸ்போர்ட்ட குடுக்கணும்."

"நான் அவனுங்கள கொடுமையா பண்றேன்? துணி எடுத்துத் தரேன், கிளினிக் கூட்டிட்டுப் போறேன். இதெல்லாம் கெட்ட முதலாளிக்குச் சொல்றது லா."

"நீங்க நல்லவருதான் பாஸ். நீங்க நல்லவரா இருந்தும் அன்னைக்கி அந்தோணி அஞ்சு மணி நேரம் தரையில உக்காந்திருந்தான். நானும் கெட்டவன் இல்ல. ஜெராக்ஸ் எடுக்க மறந்துட்டேன், அவ்வளவுதான். நம்ம ரெண்டு பேரு நல்ல மனச நம்பி ஒருத்தன் தெருவுல நடக்கக் கூடாது."

இது மகள் சொன்ன ஆளுகையின் என் சொந்தத் தமிழாக்கம். ஹோட்டலில் பேசியதைவிட நன்றாக வந்தது. கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் கை தட்டவில்லை.

"போனவன் வரலன்னா?"

"வரலன்னா, ஏன் வரலன்னு நாம யோசிக்கணும் பாஸ்."

வெகுநேரம் கல்லாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில், "ரூம்ல வெச்சா எலி கடிக்கும். ஆளுக்கொரு லாக்கர் வாங்கிப் போடு. சாவி அவனவன்கிட்ட" என்றார். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

6

லாக்கர்கள் வந்தன. பையன்கள் தங்கும் அறையில் பதினோரு பெட்டி, பதினோரு சாவி. யாழினி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். பெயர், கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர், கையெழுத்து. "இதுவும் கவர்னன்ஸ்தான் அப்பா" என்றாள். அன்று கடைக்குக் கிளம்பும்போது சாந்தி என் இடுப்பைக் காட்டி, "இன்னையோட எடை கொறையும்" என்றாள்.

மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். எல்லோரும் கை கழுவிவிட்டு வரிசையாக நின்றார்கள், முதலாளியும் வந்து நின்றார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுத்தேன். வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்தது ஒரே காரியம், தன் படத்தைத் திறந்து பார்ப்பது. பாத்திரம் கழுவும் அண்ணன் மட்டும், வாங்கிய சூட்டில் என்னிடமே திருப்பி நீட்டினார். "இது கையில இருந்தா எனக்குத் தூக்கம் வராது. நீங்களே வைங்க." லாக்கர் சாவியை அவர் கையில் வைத்து மூடினேன். "ரெண்டு நாளைக்கித் தூக்கம் வராது. அப்புறம் வந்துரும்" என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை.

அந்தோணிதான் கடைசி. மறுநாள் அவனுக்கு விமானம். (நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், திரும்பி வந்துவிட்டான். சொன்ன தேதிக்கு ஒருநாள் தாமதம், அந்த ஒருநாள் முழுக்க முதலாளி என்னை முறைத்தார். அவன் மகள் முதல் இரண்டு நாள் அவனைப் பார்த்து அழுதாளாம். மூன்றாம் நாள் கவுனைப் போட்டுக்கொண்டு மடியில் உட்கார்ந்தாளாம்.) பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான், பொத்தானைப் போட்டான், மேலே ஒருமுறை தட்டிப் பார்த்தான். நான் என் வழக்கமான வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அலமாரிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இன்னொண்ணு இருக்கு."

பதினொன்றும் கொடுத்தாகிவிட்டதே என்று நோட்டைப் பார்த்தேன். அவன் குனிந்து கீழ்த்தட்டின் மூலையிலிருந்து எடுத்தான். ஓரம் தேய்ந்த இன்னொரு பாஸ்போர்ட். பிரித்ததும் என் முகம்.

"இது யாருது கதிர்?" என்றார் முதலாளி.

"என்னுது பாஸ்."

"உன்னுதா? நீ பி.ஆர். எடுத்து எத்தன வருஷம் ஆச்சு. நான் உங்கிட்ட கேக்கவே இல்லையே."

அவர் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. சாவி கைக்கு வந்த பிறகும் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் வந்ததும், மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து, நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வைத்துவிட்டுப் பூட்டியிருக்கிறேன். எண்ணும்போது மட்டும் பதினொன்று என்று எண்ணியிருக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அந்தோணி நோட்டை என் கையிலிருந்து வாங்கினான். அடுத்த வரியில், பெயர் என்ற கட்டத்தில் கதிரேசன் என்று நிதானமாக எழுதினான். கொடுத்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினான். பிறகு குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினான்.

"பத்திரம்ணே. தொலைச்சிடாதீங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.